95 சதவீதம் போட்டும் தட்டம்மை வந்தது ஏன்?

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, தமிழ்நாட்டில் தட்டம்மை ஊசியின் ஒரு தவணை 95 சதவீதத்துக்கு மேல் எட்டியிருந்தது. 29ஆம் தேதியே பாதித்த கிராமங்களில் 6 மாதம் முதல் 60 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குக் கூடுதல் ஊசி போடும் வேலை நடந்தது. மறுநாள் கடலூர் மாவட்டத்திலிருந்து தட்டம்மைச் செய்தி வந்தது. கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வர சுமார் 10 நாள், தடிப்பு வர 14 நாள் ஆகும். அப்படியென்றால் சுனாமிக்கு முன்பே நோய் ஊருக்குள் இருந்திருக்கிறது.

கணக்குப் போட்டால் புரியும். முதல் தவணை போடும் ஒன்பதாம் மாதத்தில், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள் சில குழந்தைகளின் உடம்பில் மிச்சமிருக்கும். அது ஊசியிலுள்ள உயிருள்ள கிருமியையும் மடக்கிவிடும். அதனால் அந்த வயதில் 100க்கு 85 பேருக்குத்தான் ஊசி பலன் தரும். 95 பேருக்குப் போட்டால் பாதுகாப்பு கிடைப்பது 81 பேருக்கு. ஆண்டுக்கு 19 பேர் விடுபட்டால், ஐந்தாண்டில் ஓர் ஆண்டில் பிறந்த அத்தனை குழந்தைகளுக்கும் ஏறக்குறையச் சமமான, பாதுகாப்பில்லாத கூட்டம் சேர்ந்துவிடும். தட்டம்மை பரவாமல் நிற்க 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும். எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்பது வேறு கணக்கு.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. 2010க்குப் பிறகுதான் இது நாடு முழுக்கப் படிப்படியாக வந்தது. ஆனால் ஒன்றரை வயதுக்குள் அம்மா கூலி வேலைக்குத் திரும்பியிருப்பார். கரும்பு வெட்டக் குடும்பமே வெளியூர் போயிருக்கும். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறது, ஊசி எதற்கு என்றும் தோன்றும். தவணை நழுவுவது இங்கேதான்.

இன்னொரு தடை குப்பியிலேயே இருக்கிறது. தட்டம்மையோடு ரூபெல்லா என்ற இன்னொரு தடிப்பு நோயையும் தடுக்கும் தட்டம்மை-ரூபெல்லா மருந்து காய்ந்த தூளாக, 2 முதல் 8 டிகிரி குளிரில் வருகிறது. அதே கம்பெனியின் கரைப்பான் நீரையும் குளிரவைத்துத்தான் கலக்க வேண்டும். கலந்தபின் நான்கு மணி நேரம்தான் தாங்கும். மிச்சத்தை மறுநாளைக்கு வைத்தால் நச்சுக்கிருமி வளர்ந்து குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும். பத்து பேருக்கான குப்பியை இரண்டே குழந்தைக்கு உடைக்கத் தயங்கி, "அடுத்த புதன் வாங்க" என்று அனுப்பினால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய் திரும்ப வருவது நிச்சயமில்லை. ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதே விதி. மருந்து வீணாவது சிறிய நஷ்டம். குழந்தை விடுபடுவது அப்படியல்ல.

பயமும் ஒரு காரணம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி உட்பட ஐந்து இடங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரை போடும் முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் மறுத்தார்கள். உண்மையில் ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாளில் சிலருக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும், தானே அடங்கும். இதைப் போடும்போதே செவிலியர் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. ஐந்து வயதுவரை அரசு மையங்களில் போடுவார்கள். இரண்டு ஊசிக்கும் இடையே குறைந்தது ஒரு மாதம் வேண்டும். வெளியூர் போகிறவர்கள் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போனால், அங்குள்ள மையத்திலேயே அடுத்த தவணையைப் போட்டுக்கொள்ளலாம்.