உழவுக்கும் முட்டைக்கும் இடையே ஐந்து வாரம்

சித்திரையில் ஒரு நல்ல மழை விழுந்ததும் சேலம் மாவட்டத்தின் ஓமலூர், மேச்சேரி, தாரமங்கலம் பக்கத்து மானாவாரிக் காடுகளில், அதாவது மழையை நம்பிய புன்செய் நிலங்களில், டிராக்டர்கள் இறங்கிவிடுகின்றன. சித்திரைப் புழுதியைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று முன்னோர் சொன்னதில் பிழையில்லை. கோடை உழவு மழைநீரை மண்ணுக்குள் இறக்குகிறது, களைகளின் வேரையும் பூச்சிகளின் கூட்டுப்புழுக்களையும் வெயிலுக்குக் காட்டுகிறது. ஆனால் அதே செம்மண்ணில், அதே மாதங்களில்தான் ஆள்காட்டியும் கௌதாரியும் வானம்பாடியும் தரையில் முட்டையிட்டு அடைகாக்கின்றன.

கஞ்சமலை அடிவாரத்தில், கடலை போடுவதற்காக உழுது வைத்திருந்த ஒரு காட்டில் ஆள்காட்டியின் கூட்டை முதன்முதலாகப் பார்த்தபோது, அதைக் கூடு என்று ஏற்றுக்கொள்ளவே எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பள்ளம், அதைச் சுற்றிச் சுக்காங்கல் துண்டுகளும் காய்ந்த ஆட்டுப் புழுக்கைகளும், நடுவில் கூர்முனைகள் உள்நோக்கிச் சேர்ந்திருக்க நான்கு முட்டைகள். மண் நிறத்தின் மேல் கரும்புள்ளிகள் தெறித்திருந்ததால், ஒரு கணம் பார்வையை விலக்கிவிட்டு மறுபடி தேடினால் கல்லும் முட்டையும் ஒன்றாகவே தெரிந்தன. முட்டையோட்டில் படியும் இரண்டே நிறமிகள் இந்த மாயத்தைச் செய்கின்றன: ஒன்று செம்பழுப்பையும் மற்றொன்று நீலப்பச்சையையும் தருகிறது, இரண்டும் கலக்கும் விகிதத்தில்தான் பறவைக்குப் பறவை முட்டையின் நிறம் மாறுகிறது. கூர்முனைகளை உள்ளே வைத்து அடுக்குவதும் வீணன்று. பெரிய முட்டைகள் நான்கும் அந்தச் சிறிய பறவையின் வயிற்றுக்கடியில் அடங்க அதுவே வழி.

சேலத்துக் கோடையில் அடைகாப்பது என்பது சூடு கொடுப்பது மட்டுமன்று, சூட்டைத் தடுப்பதும்தான். கரு வளர 37, 38 டிகிரி வெப்பம் போதும். 40-ஐத் தாண்டி நெடுநேரம் நீடித்தால் அது பிழைப்பது அரிது. வெயிலில் கிடக்கும் வெறும் மண்ணோ நண்பகலில் 50 டிகிரியைக் கடந்துவிடும். எனவே ஆணும் பெண்ணும் முறைவைத்து முட்டைகளுக்கு நிழலாக நிற்கின்றன. அருகில் நீர் இருந்தால் அதில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து அமர்ந்து முட்டைகளைக் குளிரச் செய்கின்றன. நண்பகலில் கூட்டருகே ஒருவர் அரைமணி நேரம் நின்றுகொண்டிருந்தாலே, முட்டையைத் தொடாவிட்டாலும், அதற்குள் இருக்கும் உயிர் போய்விடக் கூடும்.

காகமும் கீரியும் நாயும் வரும்போது இப்பறவைகளின் தற்காப்பு நன்றாகவே வேலை செய்கிறது. ஆள்காட்டி ஓசையின்றிக் கூட்டைவிட்டு ஓடி, தொலைவில் போய் நின்ற பிறகே கூச்சலிடும். ஆகவே சத்தம் கேட்கும் இடத்தில் கூடு இருக்காது. கௌதாரியோ காலில் மிதிபடும் நிலை வரும்வரை அசையாமல் பதுங்கியிருக்கும். கண்ணையும் மூக்கையும் நம்பித் தேடி வரும் எதிரியை ஏமாற்ற உருவான இந்த உத்திகள், எதையும் தேடாமல் நேர்கோட்டில் வரும் கலப்பையின் முன் பயனற்றுப் போகின்றன.

இதிலும் கொடியது, உழவே பறவையை அழைத்துவருவது. முதல் உழவு முடிந்த வெற்றுத் தரை நாற்புறமும் பார்வைக்குத் திறந்திருப்பதால் ஆள்காட்டிக்கு உகந்த இடமாகிவிடுகிறது. முட்டைகளை இட்டு முடிக்க ஏறக்குறைய ஒரு வாரம், அடைகாக்க ஏறக்குறைய 28 நாள் என்று ஐந்து வாரம் அதற்குத் தேவை. அதற்குள் இரண்டாம் உழவோ விதைப்போ வந்துவிட்டால் அனைத்தும் மண்ணோடு போகும். பறவை மறுபடி முட்டையிடக்கூடும். ஆனால் பருவம் நகர்ந்துவிடும், தாயின் உடலும் தளர்ந்திருக்கும்.

ஆகவே இரு உழவுகளுக்கு இடையே ஐந்து வார இடைவெளி கிடைக்குமானால் அதுவே முதல் பாதுகாப்பு. மழை அதற்கு இடம் கொடுக்காதபோது கூட்டைக் கண்டறிந்து ஒதுக்க வேண்டும். பறவை கத்தும் இடத்தில் தேடாமல், விலகிப் போய் வேப்பமரத்தடியில் அமர்ந்து, அது திரும்பி வந்து எங்கே அடங்குகிறது என்று பார்த்தால் போதும். நெதர்லாந்தில் தன்னார்வலர்கள் இவ்வாறே கூடுகளைக் கண்டறிந்து குச்சி நட்டு விவசாயிகளுக்குக் காட்டிவருகிறார்கள். குச்சியைக் கூட்டருகே நட்டால் காகம் அதையே அடையாளமாகக் கற்றுக்கொள்ளும் என்பதால், உழவுச் சாலின் திசையில் சில அடி தள்ளி நடுவது நல்லது. மூன்று மீட்டர் சதுரம் விட்டு உழுதால் இழப்பது 9 சதுர மீட்டர், அதாவது கால் சென்ட்டுக்கும் குறைவு. புல் மறைவில் வாழும் கௌதாரிக்கு இது போதாது. அதற்கு வரப்போரப் புல்லை வெட்டாமல் விட வேண்டும். இரக்கப்பட்டு முட்டைகளை எடுத்து வரப்பில் வைப்பது பெரும்பாலும் அவற்றைக் கைவிடச் செய்வதில்தான் முடியும். முட்டைகளை எடுப்பதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வேட்டையாகவே கருதுகிறது.

ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே கூட்டை விட்டு நடந்துவிடும். ஆனால் தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் ஓடாமல் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொள்ளும். அந்நாளில் உழ நேர்ந்தால் காட்டின் நடுவில் தொடங்கி வரப்பை நோக்கி மெதுவாக ஓட்டினால், குடும்பம் ஓரத்துக்கு ஒதுங்க வழி கிடைக்கும். அவை வரப்பைக் கடந்துவிட்டபின், ஒதுக்கி வைத்த அந்தக் கால் சென்ட்டையும் உழுதுகொள்ளலாம்.