தூணைத் தூக்கும் முன் ஒரு பாட்டில் சலைன்

நம் பக்கத்தில் யாராவது மயங்கி விழுந்தால், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிக்க, இன்னொருவர் இளநீர் வாங்க ஓடுவார். வெயிலில் சுருண்டு விழுந்தவருக்கும் பேதியில் துவண்டவருக்கும் அது நல்ல பழக்கம்தான். ஆனால் நிலநடுக்கத்தில் இடிந்த வீட்டுக்குள் ஐந்தாறு மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்து, இப்போதுதான் வெளியே எடுக்கப்பட்ட ஒருவருக்கு அதே இளநீரைக் கொடுத்தால், அவர் இதயம் நின்றுபோகக்கூடும். பார்க்க நன்றாகத்தான் இருப்பார். பேசுவார், தண்ணீர் கேட்பார், பிள்ளைகள் எங்கே என்று விசாரிப்பார். ஆபத்து தொடங்குவதே அந்த நேரத்தில்தான்.

மருத்துவர்கள் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டது நிலநடுக்கத்தில் அல்ல, போரில். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது ஜெர்மனி இரவு இரவாகக் குண்டு வீசியபோது, வீடுகள் இடிந்து பலர் உள்ளே சிக்கினார்கள். அவர்களில் சிலரை ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கவனித்த எரிக் பைவாட்டர்ஸ், டெஸ்மண்ட் பீல் என்ற இரு மருத்துவர்கள் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். பல மணி நேரம் கையோ காலோ நசுங்கிக் கிடந்தவர்கள் மருத்துவமனைக்கு வரும்போது ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். நசுங்கிய இடத்தில் கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் மரத்த உணர்வு, அவ்வளவுதான். சிறிது நேரத்தில் அந்தக் கால் கல் மாதிரி வீங்கி இறுகும். ரத்த அழுத்தம் சரியும். சிறுநீர் கறுத்து, அளவும் குறைந்துகொண்டே வரும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோவார்கள். அடிபட்டது காலில், செத்தது சிறுநீரகம். இப்படிப்பட்ட நான்கு நோயாளிகளைப் பற்றி அவர்கள் 1941-இல் எழுதிய கட்டுரைதான் 'கிரஷ் சிண்ட்ரோம்' என்ற நசிவு நோயை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1908-இல் இத்தாலியின் மெசினா நிலநடுக்கத்திலும், முதல் உலகப் போரில் மண்ணில் புதைந்த வீரர்களிடமும் இதே அறிகுறிகளை ஏற்கெனவே சிலர் பார்த்து எழுதியிருந்தார்கள். அது பெரிதாக யார் காதிலும் விழவில்லை.

காலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு? நம் உடல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தசை. ஒவ்வொரு தசைச் செல்லையும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும் ஒரு கிணறாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து சோடியம் கசிந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை வெளியே இறைத்துக் கொட்டவும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைக்கவும் செல்லின் சுவரில் ஓயாமல் மோட்டார்கள் ஓடுகின்றன. மோட்டார் ஓட ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு ரத்தம் வேண்டும். கான்கிரீட் தூண் தொடையை அழுத்தும்போது முதலில் அந்த அழுத்தமே செல்லின் சுவரைப் பொத்தலாக்குகிறது. அப்புறம் ரத்தமும் வராமல் போகவே மோட்டார் நின்றுவிடுகிறது. சோடியமும் கால்சியமும் உள்ளே புகுகின்றன, பின்னாலேயே தண்ணீரும் புகுந்து செல் உப்புகிறது. மிஞ்சிய கால்சியம் செல்லின் உள்கட்டமைப்பையே அரிக்கத் தொடங்குகிறது. வழக்கமாக நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தசை இந்த நிலைக்கு வந்துவிடும். சில நேரம் ஒரு மணி நேரமே போதும். தூண்தான் அழுத்த வேண்டும் என்றும் இல்லை. நகர முடியாமல் தன் கை மேலேயே தன் உடல் எடை விழும்படி பல மணி நேரம் கிடந்தாலும் இதே கதைதான்.

இவ்வளவு நடந்தும் அவர் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அவரை நசுக்கும் அதே தூண். அது மதகு மாதிரி காலை அடைத்து நிற்கிறது. செத்த தசையிலிருந்து கசிந்தவை காலுக்குள்ளேயே தேங்கிக் கிடக்கின்றன. மீட்புக் குழு தூணைத் தூக்குகிறது. கூட்டம் கைதட்டுகிறது. மதகு திறக்கிறது.

முதலில் வருவது பொட்டாசியம். நம் உடலில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பங்கு தசையில். ஒரு லிட்டர் ரத்த நீரில் 3.5 முதல் 5 மில்லிமோல் பொட்டாசியம் இருந்தால் இதயம் ஒழுங்காகத் துடிக்கும். தசைச் செல்லுக்குள்ளோ அது 140 மில்லிமோலைத் தாண்டும். அந்தக் கிட்டங்கி உடைந்து ரத்தத்தில் கலந்தால் இதயத்தின் மின்துடிப்பு தடுமாறும். ஈசிஜியில் கூர்மையான கோபுரங்கள் எழும். சிலருக்கு அதற்குள்ளாகவே துடிப்பு நின்றுவிடும். இளநீர் ஆகாது என்பது இதனால்தான். ஒரு டம்ளர் இளநீரில் ஒரு வாழைப்பழத்துக்கு ஈடான பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் உள்ளவர் அதைச் சிரமமில்லாமல் வெளியேற்றிவிடுவார். இவரிடம் இப்போது அந்தச் சிறுநீரகம் இல்லை. மருத்துவமனைகளில் சாதாரணமாக ஏற்றும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலிலும் கொஞ்சம் பொட்டாசியம் உண்டு என்பதால், இவர்களுக்கு அதையும் தவிர்த்து வெறும் உப்புநீரான சலைனைத்தான் ஏற்றுவார்கள்.

இரண்டாவதாக வருவது தாகம். இதுதான் பலரும் யோசிக்காத பகுதி. தூண் அகன்றதும் ரத்தம் காலுக்குள் பாய்கிறது, ஆனால் அதிலுள்ள நீர் திரும்பி வருவதில்லை. பொத்தலான செல்கள் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. பெரியவர் ஒருவருக்கு முதல் இரண்டு நாட்களில் 12 லிட்டர் வரைகூட நசுங்கிய தசைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம். மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலே, ரத்தம் போனவரைப் போல அவர் துவண்டுவிடுவார்.

மூன்றாவதாக வரும் மயோகுளோபின்தான் சிறுநீரகத்தைத் தொடுகிறது. தசைக்குச் சிவப்பு நிறம் தருவது இந்தப் புரதம்தான். ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் இறங்குகிறது. அங்கே சிறுநீரின் அளவு குறைந்து, அமிலத்தன்மையும் கூடியிருந்தால், அங்கு ஏற்கெனவே உள்ள புரதத்தோடு சேர்ந்து கட்டியாகி அடைக்கிறது. கூடவே அதிலுள்ள இரும்பு குழாயின் சுவரைப் புண்ணாக்குகிறது. தண்ணீர் நிறைய ஓடும் வாய்க்காலில் வண்டல் தங்காது, வற்றிய வாய்க்காலில்தான் தங்கும். அப்போது வரும் கொஞ்சநஞ்சச் சிறுநீரும் கட்டங்காப்பி நிறத்தில் இருக்கும்.

அப்படியென்றால் வாய்க்கால் வற்றுவதற்கு முன்பே தண்ணீர் விட்டால் என்ன? கேட்கச் சாதாரணமான இந்தக் கேள்விதான் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 1982-இல் லெபனானின் டயர் நகரில் ஓர் எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. அதில் தசை நசுங்கிய ஏழு பேருக்கு இடிபாட்டிலிருந்து எடுக்கும்போதே சலைன் ஏற்றத் தொடங்கி, மருத்துவமனையிலும் ஏராளமாகத் தொடர்ந்தார்கள். ஏழு பேரில் ஒருவருக்குக்கூடச் சிறுநீரகம் செயலிழக்கவில்லை. அதன்பிறகுதான் 'மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது மாறி, 'இடிபாட்டுக்குள்ளேயே தொடங்கு' என்றானது.

அதை நடைமுறையில் செய்வது எப்படி இருக்கும்? ஒரு மருத்துவப் பணியாளர் குப்புறப் படுத்து, தலைவிளக்கோடு சந்துக்குள் ஊர்ந்து போகிறார். சிக்கியவரின் முழு உடலும் தெரியாது, ஒரு கை மட்டும் தெரியும். அந்தக் கையில் அப்பியிருக்கும் சிமெண்ட் தூசியை ஈரத் துணியால் துடைத்து, ரப்பர் குழாய் கட்டி, ரத்தக்குழாயைத் தடவிப் பார்க்கிறார். உடலில் நீர் வற்றியிருப்பதால் குழாய் ஒட்டிப்போய்க் கிடக்கும். இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் எலும்புக்குள்ளேயே ஊசியை இறக்கி, மஜ்ஜை வழியாக ஏற்றுவார். பாட்டிலைத் தொங்கவிட உயரம் இருக்காது, பையைக் கையால் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். பெரியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் போகும். பிறகு கால்சியம் மருந்தைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, வெளியே இருப்பவர்களுக்கு 'சரி, தூக்கலாம்' என்று குரல் கொடுப்பார். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது, ஆனால் இதயத்தைக் கொஞ்ச நேரத்துக்குக் கேடயம்போல் காக்கும்.

இதைப் படித்துவிட்டு, டாக்டர் வரும்வரை தூக்காமல் இருக்க வேண்டும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிலநடுக்கத்தில் உயிரோடு மீட்கப்படுபவர்களில் பெரும்பாலோரை மீட்பது சீருடை அணிந்த குழு அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள். 1995 ஜனவரி 17 அதிகாலை 5:46-க்கு ஜப்பானின் கோபே குலுங்கியபோது, கனமான ஓட்டுக்கூரைகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் நெஞ்சு அழுந்தி மூச்சுவிட முடியாமல் சில நிமிடங்களிலேயே போனவர்கள். நெஞ்சிலும் கழுத்திலும் அழுத்தும் பாரத்துக்கு முன்னால் சலைன் கணக்கெல்லாம் நிற்காது, உடனே அகற்றத்தான் வேண்டும். காலில் விழுந்த பாரமானாலும், தாமதிக்கத் தாமதிக்கச் சாகும் தசையின் அளவு கூடும். பக்கத்து வீட்டுக்காரர் செய்யக்கூடியது வேறு. எத்தனை மணிக்குச் சிக்கினார், எந்தக் கை கால் அழுந்தியிருந்தது என்று நினைவில் வைத்து ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்வது. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொன்னாலும் விடாமல் மருத்துவமனைக்கு அனுப்புவது. முதல் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பது. ரத்தம் பீறிட்டால் தவிர, பொட்டாசியத்தைத் தடுக்கிறேன் என்று தொடையில் கயிறு கட்டுவதும் வேண்டாம், அது இருக்கிற தசையையும் சாகடிக்கும்.

வீடு எதனால் கட்டப்பட்டது என்பதும் இந்த நோயின் போக்கை முடிவு செய்கிறது. ஈரானின் பாம் நகரில் 2003 டிசம்பரில் மண் வீடுகள் பொடிப்பொடியாக உதிர்ந்தபோது, இடுக்கு என்று எதுவும் மிஞ்சவில்லை. காற்றே இல்லாமல் பலர் மூச்சுத் திணறி இறந்தார்கள். கான்கிரீட் கட்டடம் சரிந்தால் தளங்களுக்கு இடையே சில பொந்துகள் மிஞ்சும். அதில் மனிதர் பிழைத்துக் கிடப்பார், ஆனால் கால் தூணுக்கடியில் இருக்கும். அதனால்தான் அடுக்குமாடிகள் நிறைந்த ஊர்களின் நிலநடுக்கம் டயாலிசிஸ் பிரிவு வரை நீள்கிறது.

1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் அது தெரிந்தது. ஏறக்குறைய 25,000 பேர் இறந்த அந்தப் பேரிடரில், நூற்றுக்கணக்கானோர் இடிபாட்டிலிருந்து தப்பிச் சிறுநீரகம் செயலிழந்து கிடந்தார்கள். பல நாடுகள் டயாலிசிஸ் இயந்திரங்களை அனுப்பின, ஆனால் அதையெல்லாம் ஒருங்கிணைக்க ஆள் இல்லை. அந்தக் குழப்பத்தைப் பார்த்த பிறகுதான் சர்வதேச சிறுநீரகவியல் சங்கம் இதற்கென்றே ஒரு பேரிடர் உதவிக் குழுவை அமைத்தது. 1999 ஆகஸ்ட் 17 அதிகாலை துருக்கியின் மர்மரா பகுதி குலுங்கியபோது அந்தக் குழு தயாராக இருந்தது. 17,000-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்த நிலநடுக்கத்தில் சிறுநீரகப் பாதிப்போடு பதிவானவர்கள் 639 பேர். அவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. இறந்தவர்கள் 97 பேர், மற்றவர்கள் பிழைத்தார்கள். லண்டனில் பைவாட்டர்ஸிடம் டயாலிசிஸ் இயந்திரமே இல்லை, நடைமுறையில் பயன்படும் இயந்திரம் அப்போது இன்னும் உருவாகவில்லை.

டயாலிசிஸ் இங்கே வாழ்நாள் முழுவதற்குமானது அல்ல, காத்திருப்பதற்கான உதவி. செத்துக்கொண்டிருக்கும் தசை பொட்டாசியத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பதால், தொடக்கத்தில் சிலருக்கு ஒரே நாளில் இரண்டு மூன்று முறைகூடச் செய்ய வேண்டிவரும். ஆனால் நுண்குழாய்களின் சுவர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் திறன் உள்ளது. கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பை பல நாள் காலியாகவே கிடக்கும். செவிலியர் மணிக்கு மணி வந்து பார்த்துப் பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போவார். பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், பையின் அடியில் முப்பது நாற்பது மில்லி தேங்கியிருக்கும். மறுநாள் முந்நூறு. அதற்கு அடுத்த சில நாட்களில் லிட்டர் கணக்கில், வைக்கோல் நிறத்தில்.