பாட்டோடு ஓடும் எழுத்து

எழுத்துத் தெரியும், ஆனால் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். பள்ளியைப் பாதியில் விட்ட பலரின் நிலைமை இதுதான். பாட்டு ஒலிக்கும் அதே மொழியில் அதன் வரிகளும் டிவியில் ஓடினால், இவர்களுக்குத் தினமும் தானாகப் பயிற்சி கிடைக்கும். அகமதாபாத் ஐஐஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த பிரிஜ் கோத்தாரிக்கு 1996-ல் தோன்றிய யோசனை இது. 1999-ல் குஜராத்தித் திரைப்பாடல்களுக்கும், 2002-ல் தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' நிகழ்ச்சியில் வரும் இந்திப் பாடல்களுக்கும் இப்படி வரிகள் சேர்க்கப்பட்டன.

பாட்டு ஏன்? வரி ஏற்கெனவே மனப்பாடம். திரும்பத் திரும்ப வருகிறது. பேச்சைவிட மெதுவாக ஓடுகிறது. 'கொடி' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால், நடுவில் ககரம். புதிதாகப் படிப்பவர் இங்கேதான் சிக்குவார். காதில் 'கொ' என்று விழும் அதே நொடியில் கண் அதைப் பார்த்தால் சிக்கல் அவிழ்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டால் இது நடக்காது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினாலும் அதே கதைதான்.

வரிகளைத் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஒரு நேரத்தில் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து, பாடப்படும் சொல் மட்டும் நிறம் மாற வேண்டும். சப்டைட்டிலுக்கு வழக்கமாகப் பயன்படும் எஸ்ஆர்டி (SRT) கோப்பில் இது சரியாக வராது. 'ஏஜிசப்' (Aegisub) என்ற சப்டைட்டில் மென்பொருளில் கரோக்கி நேரக்குறி, அதாவது ஒவ்வொரு சொல்லும் எப்போது நிறம் மாற வேண்டும் என்ற குறி, கொடுத்து, வீடியோவிலேயே பதித்துவிடுவது நல்லது. வரி குரலுக்குப் பிந்தி வந்தால் பயனில்லை, அரை நொடி முந்தலாம். சில எடிட்டிங் மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வெளியிடுமுன் கொ, கை, ஸ்ரீ மூன்றையும் திரையில் சோதித்துப் பாருங்கள். கணினி தானாகக் கேட்டு எழுதும் வரிகளை அப்படியே விடவே கூடாது. ல, ள, ழ மாறிக் கிடக்கும். படிப்பவர் அந்தத் தவற்றையே கற்றுக்கொள்வார்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தமிழ் சப்டைட்டில் இருந்தால் போட்டுவிடுங்கள், எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள், பிடித்த ஐந்தாறு பாட்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். "எங்கே, வாசி பார்ப்போம்" என்று அம்மாவையோ தாத்தாவையோ சோதிக்காதீர்கள். கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார்கள்.

எழுத்தே தெரியாதவருக்கு இது மட்டும் போதாது. முதலில் எழுத்துகளைச் சொல்லிக்கொடுங்கள். கூடவே, அவருக்குப் பிடித்த பாட்டின் பல்லவியைப் பெரிதாக ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.