'பெர்ஃபெக்ட்' என்றால் வினைமுற்றா?

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய ஆங்கில வழிகாட்டி நூலில் 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்' (அதாவது 'ஐ ஹேவ் சீன்' போன்ற வினை வடிவம்) என்பதற்கு 'நிகழ்கால வினைமுற்று' என்று போட்டிருக்கிறது. "சித்தப்பா, 'வருகிறான்' என்பதுதான் நிகழ்கால வினைமுற்று என்று தமிழய்யா சொன்னாரே, இது வேறா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இதே பிழையை எத்தனை நூல்களில், எத்தனை காணொளிகளில் பார்த்தாயிற்று!

'பெர்ஃபெக்ட்' லத்தீன் வழி வந்த சொல். முழுக்கச் செய்து முடித்தது என்பது வேர்ப்பொருள். முடிந்தது என்றதும், கைக்கு அகப்பட்ட 'முற்று' என்பதை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

வினைமுற்றில் முற்றுவது செயல் அன்று, சொல். 'வந்த', 'வந்து' என்பவை இன்னொரு சொல்லுக்காகக் காத்து நிற்கின்றன, ஆகவே எச்சம். 'வந்தான்' என்றால் காத்திருப்பு தீர்ந்தது, ஆகவே முற்று. 'நாளை வருவான்' என்பதில் 'வருவான்' கூட வினைமுற்றுதான், ஆள் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை! எச்சத்துக்கு எதிராக நம் இலக்கணம் நூற்றாண்டுகளாக வைத்திருக்கும் சொல் இது. அதைப் பிடுங்கி ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டு இலக்கணமும் குழம்பும். அந்த வழிகாட்டி நூலின் அடுத்த பக்கத்தில் 'தொடர் வினைமுற்று' வேறு. மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டும் நேரத்தில் பாதியை நன்னூலுக்குக் கொடுத்திருக்கலாம்.

'நிகழ்கால நிறைவு' என்பதே என் தேர்வு. குறையற்றது என்று சொல்லமாட்டேன். பத்து ஆண்டுகளாக ஓர் ஊரில் வசிப்பதையும் ஆங்கிலம் இதே வடிவில்தான் சொல்லும். அங்கே எதுவும் நிறைவடையவில்லை. அது லத்தீன் பெயரிலேயே உள்ள கோளாறு. 'நிறைவு' குறைந்தபட்சம் வேறொரு சொல்லின் நாற்காலியில் உட்காரவில்லை.

வகுப்பில் பெயரைவிட வாய்பாடு, அதாவது வடிவத்தைக் காட்டும் மாதிரிச் சொல், உதவும். 'செய்யும் என்னும் வாய்பாட்டு வினை' என்று சொல்வது நமக்குப் பழக்கம்தானே. இதைச் 'செய்திருக்கிறான் வாய்பாடு' எனலாம். இந்த வடிவில் வரும் 'ஹேவ்' பழைய ஆங்கிலத்தில் வைத்திருத்தலையே குறித்தது: பிடிபட்ட மீனை வைத்திருக்கிறேன் என்பதுபோல. தமிழிலும் 'பிடித்து வைத்திருக்கிறேன்' என்கிறோமே. 'ஐ லாஸ்ட் மை கீ' என்றால் சாவி தொலைந்தது பழைய கதை, பிறகு கிடைத்தும் இருக்கலாம். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்றால் ஆள் இப்போது பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறார்.

இந்த வாய்பாட்டில் ஒரே ஆபத்து, நாம் 'போன வருடமே பார்த்திருக்கிறேன்' என்போம். ஆங்கிலத்தில் 'லாஸ்ட் இயர்' வந்தால் 'ஹேவ் சீன்' வராது, 'சா' தான் வரும். நம்மவர் பேச்சில் அடிக்கடி சறுக்கும் இடம் இது. அந்த வழிகாட்டி நூலில் இதற்கு ஒரு வரி இல்லை. காலங்களின் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் மூன்று பக்கம்.