இணையம் ஓடுகிறது, மின்னஞ்சல் மட்டும் நகரவில்லை

புதிய வைஃபை ரவுட்டரைப் பொருத்தியதும் காணொளிகள் தடையின்றி ஓடுகின்றன, வாட்ஸ்அப் அழைப்பும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கணினியில் எழுதிய மின்னஞ்சல் மட்டும் அவுட்பாக்ஸை விட்டு வெளியேற மறுக்கிறது. சிங்கப்பூரின் தேசிய அகன்ற அலைவரிசைக் கட்டமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை முதலீடு செய்யப்படும் என்று 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய திட்டத்துக்கு மாறும் வீட்டில் பெரும்பாலும் ரவுட்டரும் மாறிவிடும். ஆனால் வேகத்துக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பில்லை. நான்கு வரிக் கடிதம் ஒன்றை அனுப்ப, முன்பு தொலைபேசிக் கம்பி வழியாக வந்த இணைப்பே போதுமானதாக இருந்தது.

முதலில் செய்ய வேண்டிய சோதனை மிக எளியது. கணினியை வீட்டு வைஃபையிலிருந்து துண்டித்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அதே அஞ்சலை மீண்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும். அப்போது அஞ்சல் சென்றுவிட்டால் சிக்கல் வீட்டு இணைப்பில் இருக்கிறது. அப்போதும் செல்லாவிட்டால் ரவுட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை; கணக்கையோ கடவுச்சொல்லையோதான் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொண்டு பிற செயலிகள் நுழைவதை கூகல் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. இந்தச் சோதனைக்கு முன்பே பலர் அஞ்சல் கணக்கைக் கணினியிலிருந்து அழித்துவிட்டு மீண்டும் சேர்க்க முற்படுகிறார்கள். அது விவேகமான செயல் அன்று. கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் இயங்கும் பழைய கணக்காக இருந்தால், பல ஆண்டுக் கடிதங்களின் ஒரே பிரதி அந்தக் கணினியில்தான் இருக்கக்கூடும்.

சிக்கல் வீட்டு இணைப்பில்தான் என்று தெரிந்தால், ரவுட்டர் செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும், இன்று பரவலாக உள்ள ஐபிவி4 என்ற முகவரி முறையில் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே ஐபி முகவரிதான், அதாவது இணையத்தில் அந்த வீட்டை அடையாளம் காட்டும் எண்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் ஒன்றுக்கு ஒரே அஞ்சல் குறியீடு இருக்க, வீட்டு எண்ணைப் பார்த்துக் கடிதம் உரிய பெட்டியில் சேர்க்கப்படுவதைப் போல, வரும் தரவு எந்தக் கருவிக்கு உரியது என்பதை ரவுட்டர் ஒவ்வோர் இணைப்புக்கும் உள்ள போர்ட் எண்ணைக் கொண்டு அறிகிறது. ஆனால் ரவுட்டர் தரும் அந்த எண்கள் நிலையானவை அல்ல. ஓர் இணைப்பு தொடங்கும்போது ரவுட்டர் தன் அட்டவணையில் ஒரு பதிவை எழுதுகிறது. இணைப்பு நெடுநேரம் அமைதியாக இருந்தால் அதை நீக்கிவிடுகிறது.

இணையப் பக்கத்துக்கு இதனால் பாதிப்பில்லை, ஏனெனில் அது கேட்டதைப் பெற்றவுடன் வேலையை முடித்துக்கொள்கிறது. மின்னஞ்சல் அப்படிப்பட்டதன்று. கடிதங்களை அஞ்சல் நிறுவனத்தின் கணினியான சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையைப் பின்பற்றும் அஞ்சல் செயலி, புதிய கடிதம் வந்தால் சர்வர் தெரிவிக்கட்டும் என்று ஓர் இணைப்பைத் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருக்கும். இதற்கான 1997ஆம் ஆண்டின் விதிமுறை, செயலி 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அந்த இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. அமைதியாக உள்ள இணைப்பை ரவுட்டர் குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் மற்றொரு விதிமுறை கூறுகிறது. எல்லா ரவுட்டர்களும் அதை மதிப்பதில்லை. சில நிமிடங்களிலேயே பதிவை நீக்கிவிடும் ரவுட்டருக்குச் சர்வரின் அறிவிப்பு வந்து சேரும்போது, அது யாருக்கு உரியது என்று தெரியாததால் கைவிடப்படுகிறது; செயலியோ இணைப்பு உயிரோடு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது. காலை முழுவதும் ஒரு கடிதமும் வராமல், செயலியை மூடித் திறந்தவுடன் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அஞ்சலைச் சரிபார்க்குமாறு செயலியை அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

கடிதங்கள் வருகின்றன, ஆனால் அனுப்ப முடியவில்லை என்றால் கதை வேறு. அனுப்புவதற்கான எஸ்எம்டிபி முறை 1982இல் வகுக்கப்பட்டபோது அனுப்புபவர் யார் என்று கேட்கும் வழக்கமே அதில் இல்லை. பின்னாளில் குப்பை அஞ்சல் பெருகியதால், வீட்டு இணைப்புகளிலிருந்து சர்வரின் 25ஆம் போர்ட் வழியாக அஞ்சல் செல்வதைப் பல இணையச் சேவை நிறுவனங்கள் தடுத்தன (ரவுட்டர் தரும் எண்களைப் போலன்றி, சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் நிலையான போர்ட் எண் உண்டு). பயனாளர்கள் அஞ்சலை ஒப்படைப்பதற்கென்றே 587ஆம் போர்ட் 1998இல் ஒதுக்கப்பட்டது. பிறர் படிக்க முடியாதபடி தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்யும் 465ஆம் போர்ட்டை 2018ஆம் ஆண்டின் விதிமுறை பரிந்துரைக்கிறது. ஆகவே செயலியின் அமைப்புகளில் இன்னும் 25 என்று இருந்தால் அதை மாற்றுவதே முதல் வேலை. ரவுட்டரோடு சேவை நிறுவனத்தையும் மாற்றியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய நிறுவனத்தின் சர்வர் தன் சொந்த இணைப்பிலிருந்து வரும் அஞ்சலை மட்டும் கடவுச்சொல் கேட்காமல் ஏற்றிருந்தால், இப்போது அதே கணினியை அந்நியனாகக் கருதித் திருப்பி அனுப்பும். அனுப்பும் சர்வருக்கும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தேவை என்று செயலியில் குறித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிறு கடிதம் போகிறது, படம் இணைத்த கடிதம் பாதியில் நிற்கிறது என்றால் தரவு துண்டு துண்டாகச் செல்லும் பொட்டலத்தின் அளவைச் சந்தேகிக்கலாம். ஈதர்நெட் பொட்டலம் ஒன்று வழக்கமாக 1500 பைட் வரை சுமக்கும். அலுவலகப் பிணையத்துடன் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் போன்ற இடையமைப்புகள் அதில் ஒரு பகுதியைத் தமக்கென எடுத்துக்கொள்கின்றன. பெரிய பொட்டலம் வழியில் தடைபடும்போது, ‘சிறிதாக்கி அனுப்பு’ என்று திரும்பி வர வேண்டிய செய்தியைக் பாதுகாப்புக்காகத் தரவைத் தடுக்கும் கடுமையான தீச்சுவர் ஒன்று விழுங்கிவிட்டால், கணினி அதே அளவுப் பொட்டலத்தையே மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் பொட்டலத்தின் உச்ச அளவைக் குறிக்கும் எம்டியு என்ற மதிப்பை 1400 அளவுக்குக் குறைத்துப் பார்க்கலாம்.

பிரிண்டரும் இதில் சேர்த்தி. ஸ்கேன் செய்த ஆவணத்தை நேரே மின்னஞ்சலில் அனுப்பும் பிரிண்டருக்கு யாரோ என்றோ நிலையான ஐபி முகவரி கொடுத்திருப்பார்கள். பழைய ரவுட்டரின் முகவரி 192.168.0.1, புதியதன் முகவரி 192.168.1.1 என்றால், கைப்பேசிகள் தாமாகவே புதிய முகவரியைப் பெற்றுக்கொள்ள, பிரிண்டர் மட்டும் இப்போது இல்லாத ரவுட்டரைத் தேடிக்கொண்டிருக்கும். அதன் பிணைய அமைப்பைத் தானியங்கி முறைக்கு மாற்றி, ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.