மஞ்சள் அட்டையைக் கீழே வையுங்கள், ஆசிரியர்களே

மறுபடியும் ஒரு பாடத்திட்டம் என் மேசைக்கு வந்திருக்கிறது. ஏழாம் வகுப்பு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை குறித்த இலக்கியம். முதல் நாள் செயல்பாடு: பாதிப் பிள்ளைகளின் சட்டையில் மஞ்சள் நட்சத்திர அட்டையைக் குத்த வேண்டும், மீதிப் பேர் அவர்களோடு பேசக் கூடாது. நோக்கம் என்ற கட்டத்தில் 'பரிவுணர்வு'. அதற்கு ஐந்து மதிப்பெண் வேறு. எதை வைத்து அளப்பார்களோ!

'பட்டால்தானே தெரியும்' என்பார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் படுவதில்லை, அதுதான் சிக்கலே. மணி அடித்ததும் அட்டையைக் கழற்றிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். 1942 மே முதல் நெதர்லாந்தில் நாஜிகளின் கட்டாயத்தால் அந்த நட்சத்திரத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டு நடந்த யூதக் குழந்தைக்கு அப்படி ஒரு மணி அடிக்கவே இல்லை. 'அவர்கள் பட்டது எனக்குப் புரிந்துவிட்டது' என்று நோட்டில் எழுதும் பிள்ளை, புரியாத ஒன்றைப் புரிந்ததாக நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. இன்னொன்று, ஒதுக்கிவைக்கும் பக்கம் கிடைத்தவர்கள் கொஞ்ச நேரத்திலேயே அதை ரசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏற்கெனவே வகுப்பில் ஓரங்கட்டப்படுகிற பிள்ளையின் நெஞ்சில் அந்த அட்டை ஏறினால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா? குலுக்கல் முறையில்தான் கொடுத்தோம் என்பது சமாதானமாகாது. நாஜி வதைமுகாமில் அடைபட்டவராக நினைத்துக்கொண்டு 'முகாமிலிருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுது' என்ற வீட்டுப்பாடமும் இதே ரகம்தான். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்கான வழிகாட்டுதலிலேயே இப்படிப்பட்ட நடித்துக்காட்டல்கள் வேண்டாம் என்கிறது. அதைப் படிக்காமலேதான் பாடத்திட்டம் எழுதுகிறார்கள்.

சரி, வேறு என்னதான் செய்வது? புத்தகத்தைத் திறங்கள். நாஜிகளிடமிருந்து தப்பக் குடும்பத்தோடு பின்னர் ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பில் 1942 ஜூன் 20 அன்று எழுதியதை எடுங்கள். யூதர்கள் சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக் கூடாது, கடைக்கு மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள்தான் போகலாம், இரவு எட்டு மணிக்குமேல் வெளியே வரக் கூடாது என்று தடைகளை அடுக்கிக்கொண்டே போவாள். அப்போது அவளுக்கு வயது 13. ஒவ்வொரு தடைக்கும் எதிரே பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இது நடக்க யாரெல்லாம் ஒத்துழைத்திருக்க வேண்டும்? 'ஹிட்லர்' என்ற ஒற்றை விடையோடு வந்தவர்கள் டிராம் நடத்துநர், கடைக்காரர், பதிவேடு எழுதிய குமாஸ்தா, பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லத் தொடங்குவார்கள். குடிமைப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. அதே பெண் அம்மாவோடு சண்டை போடுவதையும் எழுத்தாளராக ஆசைப்படுவதையும் விடாமல் வாசியுங்கள். பிள்ளைகள் அவளோடு ஒட்டிக்கொள்வது அந்தப் பக்கங்களில்தான்.

அப்புறம் மீப் கீஸ். ஆனின் அப்பாவிடம் வேலை பார்த்தவர். ஆனின் குடும்பம் உட்பட ஒளிந்திருந்த எட்டுப் பேருக்கு வேறு சிலரோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகள் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார். 1944 ஆகஸ்ட் 4 கைதுக்குப் பிறகு நாட்குறிப்பை எடுத்துப் படிக்காமலே மேசை டிராயரில் வைத்திருந்தார். தான் வீராங்கனை இல்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். ஆனால் உதவியவர்கள் கதையோடு நிறுத்திவிடாதீர்கள். நெதர்லாந்தின் சுமார் 1,40,000 யூதர்களில் 1,00,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஆனின் அப்பா ஒருவரே.

எந்தப் புத்தகத்தை எடுப்பது? முகாம் அதிகாரியின் மகனும் உள்ளே அடைபட்ட யூதச் சிறுவனும் வேலியோரம் நண்பர்களாவதாகச் சொல்லும் 'தி பாய் இன் த ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்' நாவல் வேண்டவே வேண்டாம். வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும் என்று நாஜிகளின் கொலைமுகாம் இருந்த இடத்திலேயே உள்ள ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020இல் சொல்லிவிட்டது. அந்தச் சிறுவன் வயது யூதக் குழந்தைகளில் பெரும்பாலோர் முகாமுக்கு வந்த அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். வேலியோரம் உட்கார்ந்து தினமும் பேச அவர்களுக்கு ஏது நாள்? போதாததற்கு, கடைசியில் நாம் அழுவது முகாம் அதிகாரியின் மகனுக்காக. ஆறாம் வகுப்புக்கு 1943 டென்மார்க்கை வைத்து எழுதப்பட்ட 'நம்பர் த ஸ்டார்ஸ்' நாவல் போதும். முகாமில் தான் பட்டதை எலீ வீஸல் எழுதிய 'நைட்' எட்டாம் வகுப்புக்கு முன்னால் வேண்டாம், அதுவும் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு.

பிணக் குவியல் படங்களைத் திரையில் போடாதீர்கள். 'நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்று கேட்காதீர்கள், எல்லாரும் காப்பாற்றியிருப்போம் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பாடத்தை வாரத்தின் கடைசிப் பாடவேளையில் வைக்காதீர்கள், தயவுசெய்து. மனதில் கிடக்கும் கேள்வியை மறுநாள் வந்து கேட்க அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளாவது இருக்கட்டும்.