முதுகில் விரல் வைத்து எண்ணுதல்

முதுகுவலிக்காக வந்திருந்த 71 வயது அம்மா ஒருவர், சேலை கட்டும்போது இப்போதெல்லாம் இடுப்பில் ஒரு மடிப்பைக் கூடுதலாகச் செருக வேண்டியிருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். உடம்பு இளைத்துவிட்டதாக அவர் நினைத்திருந்தார். சிங்கப்பூரில் இயன்முறைச் சிகிச்சையாளராகப் பணிபுரியும் எனக்கோ, அவர் உயரம் குறைந்திருக்குமோ என்ற சந்தேகம் அப்போதே தட்டியது.

மனித உடலின் 206 எலும்புகளில் 80 எலும்புகள் நடு அச்சைச் சேர்ந்தவை. மண்டையோட்டில் 22, காதுகளுக்குள் 6 சிற்றெலும்புகள், வேறெந்த எலும்போடும் மூட்டுச் சேராமல் தொண்டையில் நிற்கும் நாவடி எலும்பு ஒன்று, முதுகுத்தண்டில் 26, விலா எலும்புகள் 24, மார்பெலும்பு ஒன்று. மாணவனாக இருந்தபோது இந்தக் கணக்கைத் தலைகீழாகவும் ஒப்பித்திருக்கிறேன். ஆனால் முதல் செய்முறை வகுப்பில், சக மாணவரின் முதுகில், முதுகுத்தண்டை அடுக்காக அமைக்கும் முள்ளெலும்புகளில் நான்காம் இடுப்பு முள்ளெலும்பு என்று நான் பேனாவால் குறித்த இடம் மூன்றாவதாக இருந்தது. படத்தில் கற்றதை உயிருள்ள முதுகில் கண்டுபிடிக்க, தொட்டறியக்கூடிய மேடுகள் தெரிந்திருக்க வேண்டும்.

தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் துருத்தும் மேடு பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. சிலருக்கு அருகருகே இரண்டு மேடுகள் தட்டுப்படும். அப்போது இரண்டின் மேலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு தலையை மெல்லப் பின்னால் சாய்க்கச் சொன்னால், ஆறாவது எலும்பு முன்னே நழுவி விரலடியில் மறைந்துவிடும், ஏழாவது அப்படியே நிற்கும். கைகளைத் தொங்கவிட்டால் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏறக்குறைய ஏழாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கும். இடுப்பின் இரு பக்கமும் தட்டுப்படும் எலும்பு விளிம்புகளான இடுப்பு முகடுகளை இணைத்து ஒரு கோடு போட்டால் அது நான்காம் இடுப்பு முள்ளெலும்பையோ அதற்குக் கீழுள்ள இடைவெளியையோ தொடும். தண்டுவடம் பெரியவர்களுக்கு முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுவதால், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் மருத்துவர்களும் இந்தக் கோட்டைத்தான் நம்புகிறார்கள். (நெஞ்சுக்குழியில் கடினமாக ஏதோ தட்டுப்படுகிறது, கட்டியாக இருக்குமோ என்று பயந்து வருபவர்களும் உண்டு. அது மார்பெலும்பின் வாள்முனை. இளமையில் குருத்தெலும்பாக இருந்து நடுவயதில் இறுகுவதால் புதிதாக முளைத்ததுபோல் தோன்றுகிறது.)

ஒவ்வொரு முள்ளெலும்பிலும் உள்ள குறிகள் அதன் வேலையைச் சொல்கின்றன. கழுத்து முள்ளெலும்பின் பக்கவாட்டு முனைகளில் துளை இருக்கும். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஆறாவது எலும்பு முதல் மேல்நோக்கி அந்தத் துளைகளின் வழியே ஏறுகிறது. மார்பு முள்ளெலும்பில் விலா வந்து பொருந்தும் வழுவழுப்பான தளங்கள் இருக்கும். பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் மேல் மூட்டுத் தளங்கள் மற்ற மார்பு முள்ளெலும்புகளைப்போலப் பின்பக்கம் பார்த்திருக்க, கீழ்த் தளங்கள் இடுப்பு முள்ளெலும்புகளைப்போலப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். மேலே விலாக்கூடு கட்டிப் பிடித்திருக்கும் விறைப்பான பகுதி, கீழே எளிதாகக் குனிந்து நிமிரும் பகுதி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சுமை குவிகிறது. எலும்புத் தேய்வு (எலும்பின் அடர்த்தி குறைதல்) உள்ளவர்களுக்குப் பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பும் முதல் இடுப்பு முள்ளெலும்பும் அடிக்கடி நொறுங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். விழுந்தால்தான் என்றில்லை, அரிசி மூட்டையைக் குனிந்து தூக்கினாலே போதும். எலும்பின் முன்பகுதி மட்டும் அமுங்கி ஆப்பு வடிவமாகிறது, தண்டுவடத்தை ஒட்டிய பின்பகுதி பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அதனால் கால் மரத்துப்போவது அரிதாக இருக்க, உயரம் மட்டும் சத்தமில்லாமல் குறைகிறது. வயதானால் கூன் விழத்தானே செய்யும் என்று வீட்டில் இருப்பவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

அந்த அம்மாவைக் குதிகாலும் முதுகும் சுவரில் பட நிற்கவைத்து, நேரே பார்க்கச் சொன்னேன். பிடரிக்கு மேலே தலையின் பின்புறத்தில் இருக்கும் எலும்புப் புடைப்பு சுவரைத் தொட வேண்டும். அவருக்கு நடுவில் என் மூன்று விரல்கள் நுழைந்தன. அடுத்து, பக்கவாட்டில் கடைசி விலாவின் விளிம்புக்கும் இடுப்பு முகட்டுக்கும் நடுவே எத்தனை விரல் அகலம் இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு விரலுக்குக் குறைந்தால் முள்ளெலும்பு அமுங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அவருக்கு ஒரு விரல்தான் நுழைந்தது. ஆசியப் பெண்களுக்கென உருவாக்கப்பட்ட ஒரு எளிய கணக்கும் உண்டு: மாதவிடாய் நின்றவரின் வயதிலிருந்து கிலோகிராமில் எடையைக் கழித்து, மிச்சம் 20-க்கு மேல் வந்தால் எலும்புத் தேய்வு இருக்கும் ஆபத்து அதிகம். 71 வயது, 47 கிலோ, மிச்சம் 24.

தம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் நடக்கும் உடற்பயிற்சியில் குனிந்து கால்விரலைத் தொடுவதைத் தாம் ஒருநாளும் விட்டதில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். இந்தப் பயிற்சியைத்தான் முதலில் நிறுத்தச் சொன்னேன், ஏனெனில் குனியும்போது சுமை பெரும்பாலும் எலும்பின் முன்பகுதியில் விழுகிறது. தைலம் தேய்த்து முதுகை அழுத்தி நீவிவிடுவதும் இந்த நிலையில் ஆபத்தானது. எலும்பு அடர்த்திச் சோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன்.

இளவயதில் எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த முறை வந்தபோது, தொழிற்சாலை வேலையில் சேர்ந்த காலத்து மருத்துவச் சான்றிதழ் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதில் 154 என்று இருந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லி அளந்தேன், 148.5.